மெய்தொட்டு நலஞ்செய்வோன் தகுதி

உடம்பும் மனமும் ஒன்றோடொன்று இயைந்து நிற்பன என்பது எல்லாரானும் ஒப்பப்படுவது. அச்சம் வந்துழி உடல் நடுங்குதலும், நாணம் வந்துழி முகம் சிவத்தலும், பசி மிக்குழிச் சினம் பெருகுதலும் யாவரும் தம்மளவிற் கண்டறிந்தன. இவ்வியைபையே கருவியாகக் கொண்டு, பிறர் உடம்பைக் கையால் தொட்டு அவர்தம் மனத்திற்கும் நலஞ்செய்வோம் என்று புகுவார் இந்நாளிற் பலர் உளர். மேனாடுகளில் இஃது ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்து, அதற்கெனப் பயிற்சிக் கழகங்களும், கால வரையறையும், நற்சான்றிதழும் ஏற்பட்டுள்ளன. இத்தொழிலை மேற்கொள்ள விரும்புவான் ஒருவன் முதற்கண் எதனைப் பெற்றிருத்தல் வேண்டும்? கைத்திறமோ? நூலறிவோ? அன்றி வேறொன்றோ? இதுவே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வினா மருத்துவ நூலார்க்குரியது. சமயநூல் ஆராய்வார்க்கு இஃது எற்றுக்கு எனின், கூறுதும். மருந்து கொடுப்பான் மனத்திற் செருக்கு இருப்பினும் மருந்து தன் குணத்தைச் செய்துவிடும். மூலிகையை அரைத்தவன் எத்தகையன் என்று நோய் கேட்பதில்லை. கையே மருந்தாயவிடத்து அவ்வாறன்று. கை அதனையுடையானது உடம்பின் உறுப்பு. அவ்வுடம்பு அவன் மனத்தின்வழி நிற்பது. ஆகலின் அவன் மனத்தின் பரபரப்பும், விருப்பு வெறுப்புக்களும், 'யான் இவனைத் திருத்துவேன்' என்னும் முனைப்பும் கையின் வழியே பிறனொருவன்பாற் சென்று தாக்குதற்கு இடமுண்டு. அன்றியும், கண்மூடிப் படுத்துத் தன் கழுத்தையும் முதுகையும் பிறன் கையில் ஒப்புவிப்பான், தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றலையும் உடன் ஒப்புவிக்கின்றான். இத்துணை நம்பிக்கைக்கு உரியவன் யாவன் என்பது ஒழுக்கம் பற்றிய வினாவேயாம்.

இதனைப் பொதுவகையாற் பேசிச் செல்லின் சொற்பெருகுமேயன்றிப் பொருள் தெளியாது. ஆகலின் ஒருவர் வரலாற்றை எடுத்துக்கொண்டு ஆராய்வாம். பிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர் என்பார் 1869-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தெற்கிலுள்ள டாஸ்மேனியாத் தீவிற் பிறந்தவர். இளமையில் மூச்சுநோயால் நலிந்தவர். பின்னர் மெல்போர்ன் நகரஞ் சென்று, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பகுதிகளை அவைக்கண் உரைத்துக் காட்டுதலைத் தொழிலாகக் கொண்டார். அத்தொழிலில் அவர்க்கு இடையூறொன்று நேர்ந்தது. உரைத்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை கம்மிக் குரல் அடைத்துப்போவதாயிற்று. மருத்துவர் ஒருவர், அடுத்த அவைக்கு முன் இரண்டு கிழமை குரலுக்கு ஓய்வு கொடுக்குமாறு சொன்னார். அவ்வாறே செய்து அவையேறினார். தொடக்கத்திற் குரல் தெளிவாயிருந்தது. பாதி கழியுமுன் கம்மியது. முடிவிற் பேசவே இயலாதாயிற்று.

பிறராயின் மருத்துவரை நொந்துகொண்டு வேறு மருந்து தேடியிருப்பர். அலெக்சாண்டர் வினவிய வினா வேறு. ஓய்வினாற் குரல் சீர்பட்டு உரைத்தலினாற் கெட்டதாயின், உரைக்கும்போது யான் செய்யும் ஏதோ ஒன்றே கேட்டிற்குக் காரணமாதல் வேண்டுமன்றோ என்பதே அவ்வினா. ஆம் என்றார் மருத்துவர். அஃது யாது என்று கேட்டபோது அவர்க்கும் விடை தெரியவில்லை. நோய்க்குக் காரணம் புறத்தே இல்லை, தம் செயலிலேயே உள்ளது என்று ஒருவர் ஒப்புக்கொண்ட அந்த நொடியே இவ்வரலாற்றின் வித்தாகும்.

அவர் கண்ணாடியின் முன் நின்று உரைத்துப் பார்த்தார். உரைக்கத் தொடங்குந்தோறும் தம் தலை பின்னோக்கி இழுக்கப்படுதலும், குரல்வளை கீழே அழுத்தப்படுதலும், வாயால் மூச்சு ஓசையுடன் உறிஞ்சப்படுதலும் ஆகிய மூன்றினைக் கண்டார். இவற்றுள் தலையிழுப்பே ஏனைய இரண்டிற்கும் முதலென உணர்ந்து, தலையை முன்னே வைத்து உரைக்க முயன்றார். வைத்தேன் என்றே எண்ணினார். ஐயந்தீர மேலும் இரண்டு கண்ணாடிகளை இருமருங்கும் நிறுத்திப் பார்த்தவழி, தலை முன்போலவே பின்னிழுபட்டிருந்தது. முன்னே வைத்தேன் என்று அவர் உணர்ந்த அப்பொழுதே அது பின்னே சென்றுகொண்டிருந்தது. உணர்வு பொய்த்தது, கண்ணாடி மெய் கூறிற்று. அவர் ஆராய்ச்சியில் இதனினும் ஆழ்ந்த உண்மை வேறில்லை.

உறுப்புக்களின் நிலையை அறியும் உணர்வு பொய்க்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் நிறுவின. தசைநாணின்மேல் அதிர்வுண்டாக்கும் கருவியொன்றை வைத்தால், அசையாதிருக்குங் கை அசைந்து செல்வதாகவே அக்கையையுடையானுக்குத் தோன்றும் என்று 1972-இல் ஆய்வாளர் காட்டினர். உறுப்பு நிலையறிதற்கும் தொடுதலறிதற்கும் ஒருங்கே வேண்டப்படும் பீசோ-2 என்னும் புரதத்தைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியன் என்பார்க்கு 2021-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆகவே, 'என் உடம்பு; எனக்குத் தெரியாதா?' என்பார் கூற்று ஆராய்ச்சியின்முன் நில்லாது.

இனி, இவ்வுண்மைக்குச் சித்தாந்தம் கூறும் காரணத்தை நோக்குவாம். ஆன்மா தானே அறியும் ஆற்றலுடையதன்று, அறிவிக்க அறிவது என்பதும், சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது என்பதும் நம் ஆசிரியர் துணிபு. நெடுநாட் பழகிய கோணலைச் சார்ந்து நின்ற உயிர்க்கு அக்கோணலே நேராகத் தோன்றுதல் வியப்பன்று. நேராக நிறுத்தியபோது அதுவே கோணலாகத் தோன்றும். அலெக்சாண்டர் முறையிற் பயின்றார் பலரும், தம்மை நேர்நிறுத்தியபோது வளைத்து நிறுத்தியதாக உணர்ந்தேம் என்றே கூறுவர். சார்பு மாறினாலன்றித் தோற்றம் மாறாது. தன்னுணர்வையே அளவுகோலாகக் கொண்டு தன்னைத் திருத்தப் புகுவான் பழைய சார்பினையே மேன்மேலும் உறுதிசெய்வான். புறத்தே ஒரு கண்ணாடியோ, அறிவிப்பான் ஒருவனோ வேண்டும்.

மனமும் உடம்பும் எவ்வாறு இயைகின்றன என்னும் வினாவும் ஈண்டே தெளிவுறும். பிரெஞ்சு நாட்டுத் தத்துவ நூலார் தெகார்த் (1596–1650) மனத்தையே ஆன்மாவாகக் கொண்டு, இடங்கொள்ளாத அதுவும் இடங்கொள்ளும் உடம்பும் முற்றும் வேறுபட்ட இருபொருள் என்றார். அங்ஙனமாயின் இடங்கொள்ளாதது இடங்கொள்வதை எவ்வாறு அசைக்கும் என்று பொஹீமிய நாட்டு இளவரசியார் எலிசபெத் 1643-இல் அவர்க்குத் திருமுகம் எழுதிக் கேட்டார். அவ்வினாவிற்கு மனநிறைவான விடை அவரால் தரப்படவில்லை. சித்தாந்திக்கோ இவ்விடர்ப்பாடு இல்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களும் தூலவுடம்பைப்போல மாயையின் காரியங்களே, சடமே. ஒன்று நுண்ணியது, ஒன்று பரியது, வேறுபாடு அவ்வளவே. ஒருமுதலிற் பிறந்த இருகருவிகள் ஒன்றையொன்று தாக்குதலில் வியப்பு யாதுளது? ஆன்மா இவ்விரண்டின் வேறாய், அமைச்சரோடு கூடிய அரசன்போல அக்கருவிகளோடு கூடி நின்று அறிவது என்பதனைச் சிவஞானபோதத்தின் மூன்றாம் நான்காம் சூத்திரங்கள் நிறுவுதல் கற்றார் அறிவர்.

ஆகவே, மெல்லிய தொடுதலால் மனம் அமைதியுறுதலும், மனக்கலக்கத்தால் தோளும் பிடரியும் இறுகுதலும் கருவிக்கும் கருவிக்கும் இடையே நிகழ்வனவாம். மயிருடைய தோலில் வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில் மெல்ல வருடும்போது மிகுதியாகத் தூண்டப்படும் தனிவகை நரம்பிழைகள் உள என்று இக்காலத்தார் கண்டுள்ளனர். தாய் கை பட்டவுடன் குழவி அழுகை தணிதற்கு இது ஒரு வாயிலாகலாம். இதனை யாம் மறுக்கவேண்டுவதில்லை. மறுக்கவேண்டுவது பிறிதொன்று. உடம்பையும் மனத்தையும் இசைத்துவிட்டால் மனிதன் முழுமையடைந்தான் என்று கூறுவர் இத்துறையார் சிலர். யாழின் நரம்பு இசைக்கப்பட்டது, அது நன்றே. இசைப்பான் ஒருவன் உளன் என்பதும், அவன் எதனை இசைப்பான் என்பதும் எஞ்சிய வினாக்கள். அவ்வெல்லை கடந்து வீடுபேற்றின் மொழியை உடற்பயிற்சிக்கு ஏற்றிக்கூறுதல் பொருந்தாது.

அற்றேல், கழியும் இவ்வுடம்பின்பொருட்டு இத்துணை முயற்சி எற்றுக்கு எனின், அதுவும் பொருந்தாது. தனு கரண புவன போகங்கள் உயிர்க்கு இறைவன் கொடுத்தவை; மலஞ் சிறிது நீங்கி அறிவு விளங்குதற்கு ஏதுவாயவை. கொடுக்கப்பட்ட விளக்கிற் புகைபடியவிட்டு, 'விளக்கு நிலையற்றது' என்று தத்துவம் பேசுவான் இருளிலேயே இருப்பான். நாட்பட்ட முதுகுவலியால் வாடுவான் ஒருவனுக்கு வழிபாட்டில் ஒரு நாழிகை அமர்தலும் அரிதாகும். அவ்வலியைத் தணிப்பவன் சிறிதேனும் அறஞ்செய்தவனே.

மீண்டும் வரலாற்றிற்கு வருவாம். தம்முணர்வு பொய்க்கும் என்று கண்ட அலெக்சாண்டர் செய்தது யாது? நேராகச் செய்ய மேலும் மேலும் முயலவில்லை, நின்றார். பேசவேண்டும் என்னும் எண்ணம் எழுந்தவுடன் அதற்கு இசையாது மறுத்து நிற்கப் பழகினார். நின்று, தலையும் கழுத்தும் முதுகும் எவ்வாறு அமைதல் வேண்டுமென மனத்தால் வகுத்துக்கொண்டு, பின்னரும் பேசுதல், பேசாதிருத்தல், கையை உயர்த்துதல் போன்ற வேறொன்று செய்தல் ஆகிய மூன்றனுள் ஒன்றைப் புதிதாகத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தமக்கு வைத்துக்கொண்டார். பயனை நோக்கி விரையும் விரைவே பழைய கோணலை எழுப்புவது. அவ்விரைவு அடங்கியவழிக் கோணல் தானே நெகிழ்ந்தது. 'யான் செய்வேன்' என்னும் தற்போத முனைப்பு அடங்கியவழியே நன்மை விளங்கும் என்று கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆயினும் ஒப்புமை வேறு, ஒருமை வேறு. கழுத்தின் இறுக்கம் நீங்குதலும் ஆணவத்தின் இறுக்கம் நீங்குதலும் ஒன்றெனல் ஆகாது. அது ஏன் என்பதை அவர் வரலாறே பின்னர்க் காட்டும்.

அவர் 1904-இல் இலண்டன் சென்று தம்முறையைப் பிறர்க்குக் கற்பிக்கலானார். சொல்லால் விளக்கியது மாணவர்க்குப் பயன்படவில்லை. அவர்தம் உணர்வும் பொய்த்தலின், சொல்லைப் பிறழவே கொண்டனர். ஆகவே கையால் தொட்டுக் காட்டத் தொடங்கினார். மாணவன் நாற்காலியிலிருந்து எழும்போதும் அமரும்போதும் ஆசிரியன் கை அவன் கழுத்திலும் முதுகிலும் மெல்லப் பொருந்தி நிற்கும்; பிசைதலுமில்லை, அழுத்தலுமில்லை. 1931-இல் ஆசிரியர்களைப் பயிற்றும் மூன்றாண்டுக் கல்வியைத் தொடங்கினார். 1958-இல் ஏற்பட்ட ஆசிரியர் சங்கம் மூன்றாண்டுகளில் 1,600 மணிப் பயிற்சியை இன்றும் வேண்டுகின்றது. அக்காலத்தின் பெரும்பகுதி பிறரைத் திருத்தக் கற்பதிற் கழிவதன்று. தன்னைத் தான் காண்பதிற் கழிகின்றது. தன் கழுத்து இறுகியிருக்கப் பிறன் கழுத்தைத் தொடுவானாயின், அவ்விறுக்கத்தையே கை கற்பிக்கும். மாணவன் எழுமுன் ஆசிரியன் மனம் அவனை எழுப்ப விரைந்தால், கை தள்ளத் தொடங்கிவிடும். தள்ளப்பட்டவன் எதிர்த்து இறுகுவான். ஆசிரியன் சொல்லால் மறைக்கத்தக்க முனைப்பைக் கையால் மறைக்க இயலாது. தன்னைத் திருத்தியவனே பிறரைத் திருத்தற்குரியன் என்னும் பழைய அறம் இத்தொழிலில் ஏட்டளவில் நில்லாது, தோலும் தசையும் சான்றாக நிற்கின்றது.

இம்முறையின் பயனுக்குச் சான்று உண்டோ எனின், சிலவிடத்து உண்டு. இங்கிலாந்தில் நாட்பட்ட முதுகுவலியுடையார் 579 பேரிடத்து நிகழ்ந்த ஆய்வொன்று 2008-இல் வெளிவந்தது. வழக்கமான மருத்துவமே பெற்றவர்க்கு ஓராண்டின் பின் நான்கு கிழமையில் 21 நாட்கள் வலியிருந்தன. இம்முறையில் 24 பாடம் கேட்டவர்க்கு 3 நாட்களே. 6 பாடம் கேட்டவர்க்கு 11 நாட்கள். உடம்பு பிடித்துவிடுதலாகிய சிகிச்சை பெற்றவர்க்கு 14 நாட்கள். அச்சிகிச்சை மூன்று திங்களளவில் நற்பயன் தந்தும், நடமாட்டம் முதலியவற்றில் அதனாலான நலம் ஓராண்டில் பெரிதும் தேய்ந்துபோயிற்று. பிறனால் செய்யப்படுவது கழிகின்றது; தானே கற்றுக்கொண்டது நிற்கின்றது என்று இதனாற் கொள்ளுதல் தவறாகாது. மற்று, ஆஸ்துமா என்னும் ஈளைநோய்க்கு இம்முறை பயன்படுமோ என்று ஆராயப்புகுந்த காக்ரேன் தொகுப்பார்க்குத் தகுதியுடைய ஆய்வொன்றேனும் கிடைக்கவில்லை. சான்றுள்ளவிடத்து உண்டென்றும் இல்லாவிடத்து இல்லையென்றும் கூறுதல் இத்தொழிலார்க்கு இன்றியமையாத வாய்மையாம்.

இவ்வாய்மை வழுவியதால் வந்த கேட்டிற்கு வில்ஹெல்ம் ரைஹ் (1897–1957) சான்றாவார். மனநூல் மருத்துவராகிய அவர், அடக்கப்பட்ட துயரும் சினமும் தசைகளில் கவசம்போல் இறுகிநிற்கும் என்று கூறி, உடம்பைத் தொட்டு மனநோய் தீர்க்கும் வழியைத் திறந்தார். அவ்வளவில் நின்றாரல்லர். உலகமெங்கும் நிறைந்த 'ஆர்கோன்' என்னும் உயிராற்றலைக் கண்டேன் என்றும், அதனைத் திரட்டும் பெட்டியினுள் அமர்ந்தால் நோய் நீங்கும் என்றும் சொல்லலானார். 1954-இல் அமெரிக்க நீதிமன்றம் அப்பெட்டிகளை வழங்கலாகாதெனத் தடைவிதித்தது. தடையை மீறியதற்காகச் சிறைப்பட்டு, 1957-இல் சிறையிலேயே இறந்தார். அவர் நூல்களை அரசினர் எரித்தது அறமன்று. எனினும், கண்டதற்கும் கருதியதற்கும் உள்ள எல்லையை அழித்ததனால், கண்டதையும் ஐயத்திற்கு இடமாக்கினார்.

அலெக்சாண்டரும் இக்குற்றத்திற்கு முற்றும் விலகியவரல்லர். மனிதகுலம் முன்னேறுதற்குத் தம் முறையே வாயில் என்பதுபட எழுதினார். 1910-இல் வெளிவந்த அவர்தம் முதற் பெருநூலில், நாகரிகமற்றவர் என்று தாம் கருதிய இனத்தாரை இழித்துரைக்கும் பகுதிகளும் உள. தம் உடம்பின் கோணலை ஆண்டுகள் பல கண்ணாடிமுன் நின்று நுணுகி நோக்கிய அறிஞர், தம் காலத்துச் செருக்கின் கோணல் தம்மிடமும் இருத்தலை நோக்கவில்லை. கண்ணாடி கழுத்தைக் காட்டிற்று; செருக்கைக் காட்டவில்லை. அதனைக் காட்டுங் கண்ணாடி வேறு. பழகிய கோணல் நேராகத் தோன்றும் என்று அவரே கண்ட உண்மைக்கு அவரே இலக்கானார். உடம்பு திருந்திய அளவானே உயிர் திருந்தியதாகாது என்று மேலே கூறியது இதுபற்றியே. அவரைப் பழித்தல் எம் கருத்தன்று. 1947-இல் பக்கவாதம் கண்டும் தேறி, 1955-இல் இறக்குங்காறும் கற்பித்த உழைப்பாளர் அவர். அத்தகையார்க்கே இவ்வாறாயின், நம்மனோர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதே கொள்ளத்தக்கது.

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், மெய்தொட்டு நலஞ்செய்யப் புகுவானுக்கு மூன்று தகுதிகள் பெறப்படும். தன் உடம்பிலும் மனத்திலும் உள்ள கோணலைத் தன்னுணர்வையே நம்பாது பிறர் கண்ணாலும் கண்டு திருத்திக்கொள்ளுதல் ஒன்று. தன் அறிவின் எல்லையை அறிந்து, தீராத நோயைத் தீர்ப்பேன் என்னாது, மருத்துவர்பாற் செல்லவேண்டுவாரைக் காலந்தாழ்த்தாது அனுப்புதல் ஒன்று. தொடப்படுவான் உடம்பு அவனுடையது, தன்னுடையதன்று என்பதனை ஒருபொழுதும் மறவாமை ஒன்று. அவன் இசைவின்றித் தொடலாகாது. இசைந்தபின்னும் இசைவு மாறியவழிக் கையை எடுத்துவிடல் வேண்டும். அவன் தன்னையே என்றும் நாடிவருமாறு கட்டிவையாது, தானே நிற்கக் கற்பித்து விடுக்கவேண்டும். தன் மாணவன் தனக்கு வேண்டாதவனாகும் நாளையே தன் தொழிலின் பயனாகக் கொள்பவனே இதற்குரியன்.

இம்மூன்றனுள் மூன்றாவதே அரிது. பிறர்க்கு நலஞ்செய்வேன் என்னும் விருப்பத்தினுள்ளே, அவர் என்னால் நலம்பெறல் வேண்டும் என்னும் விருப்பம் மறைந்து கிடக்கும். முன்னையது அருள், பின்னையது தற்போதம். இரண்டும் ஒரே கையில் இருக்கும். புறத்தார்க்கு வேறுபாடு தோன்றாது. கையையுடையானுக்கும் எளிதில் தோன்றாது. ஆனால் தொடப்படும் உடம்பு அறியும். அருளாற் பொருந்திய கையின்கீழ் அது நெகிழும். முனைப்பால் அழுந்திய கையின்கீழ் அது இறுகும். அவ்விறுக்கத்தை நோயாளியின் குற்றமென்று கொள்ளாது, தனக்குக் காட்டப்பட்ட கண்ணாடியெனக் கொண்டு தன் கழுத்தையும் தன் நெஞ்சையும் நோக்குவானாயின், அவன் இத்தொழிலில் நாடோறும் வளர்வான்.